ஜெரெமையா ஜான்சன்: அந்தப் படுக்கை எதனால சுட்டது?

வடக்குச்சரிவு:
'ஜெரெமையா ஜான்சன்' படத்துல மலையில வேட்டையாடப் போன ஜான்சன், குளிருக்காகத் தணலைப் போட்டு மண் மூடி அதுமேல படுக்கறான், படுக்கை சுட்டு எழுந்திடறான். அதைப் பத்திப் பக்கத்து இழையில ஒருத்தர் அடிச்சு விட்டிருக்கார்: "கங்கை அளவுக்கு மீறிக் கொட்டினதாலதான் ஜான்சனுக்குப் படுக்கை சுட்டது. மண் எவ்வளவு போட்டாலும் ஒண்ணுதான்." படிச்சதும் எனக்கே பத்திக்கிச்சு. படத்துலயே பதில் இருக்கே ஐயா! ஜான்சனா நடிச்ச ரெட்ஃபோர்டு அலறிப் புடைச்சு எழுந்ததும், 'பேர் கிளா'ங்கற (Bear Claw) வேட்டைக்காரக் கிழவன் என்ன சொல்றான்? மண்ணு போதல, பார்த்ததுமே தெரிஞ்சுதுங்கறான். கிழவனா நடிச்ச வில் கீர் அந்த ஒரு வரியில ஒரு பாடமே நடத்திட்டுப் போயிட்டார். 1972ல வந்த படம், இன்னும் இதுக்குப் பஞ்சாயத்து.

ஈரக்கல்:
அந்த "ஒருத்தர்" நான்தான். பேர் சொல்லியே திட்டலாம், தப்பில்ல. கிழவன் சொன்னா வேதமா? அவன் ஜான்சனைக் கலாய்க்கிறான். கரடியை உயிரோட குடிசைக்குள்ள விரட்டி விட்டு, தோலை நீ உரிச்சுக்கோன்னு பின்பக்கமா ஓடினவன் அவன்.

வடக்குச்சரிவு:
கலாய்ச்சாலும் சொன்னது சரி. செய்முறை தெரியாதவங்களுக்காக எழுதறேன்.
ஆள் நீளம், தோள் அகலம், ஒரு சாண் ஆழத்துக்குப் பள்ளம். முதல்ல சருகு, வேர், மட்கு எல்லாத்தையும் சுரண்டி வெறும் மண் தெரியற வரைக்கும் போகணும். இல்லேன்னா நெருப்பு வேரைப் பிடிச்சுக்கிட்டு மண்ணுக்கடியில ஊர்ந்து போய் வேற எங்கேயோ தலை காட்டும். பள்ளத்துக்குள்ள ரெண்டு மணி நேரம் விறகு எரியணும். அது கங்குக்காக மட்டுமில்ல, அடி மண்ணும் பக்கச் சுவரும் காயறதுக்கு. அப்புறம் கங்கைச் சமமா ரெண்டு அங்குலத்துக்குப் பரப்பி, பாதி எரிஞ்ச கட்டையெல்லாம் பொறுக்கி வெளியே போடணும். அது உள்ளே கிடந்தா ராத்திரி பூரா புகையும். மேல ஆறு அங்குலம் மண், நல்லா மிதிச்சுவிட்டு. அதுக்கு மேல பைன் கிளை, அப்புறம் போர்வை.
ஜான்சன் எங்கே கோட்டை விட்டான்? மண்ணுல. மண்ணு போதல.

சாம்பல்பூனை:
"கங்கைச் சமமா ரெண்டு அங்குலத்துக்குப் பரப்பி"யா? பகீரதனால கூட முடியாதுங்க. தணல்னு எழுதுங்க, புண்ணியமாப் போகும்.

வடக்குச்சரிவு:
கங்கு நல்ல தமிழ்ச் சொல். கங்கு + ஐ = கங்கை. இலக்கணம் படிச்சிட்டு வாங்க தம்பி.

ஈரக்கல்:
ஆறு அங்குலமா? அப்போ கேளுங்க. காய்ஞ்ச மண்ணுல சூடு நத்தை மாதிரி ஏறும். கனம் ரெண்டு மடங்கானா நேரம் நாலு மடங்கு ஆகும். மூணு அங்குலத்தைத் தாண்டி மேல வர ரெண்டு மணி நேரம்னா, ஆறைத் தாண்டி வர எட்டு மணி நேரம். ராத்திரி பூரா நடுங்கிட்டு, குதிரைக்குச் சேணம் கட்டற நேரத்துல முதுகு கதகதக்கும். அவன் படுத்திருக்கிறது பனிமலை. மண்ணுல ஈரம் ஊறிக் கிடக்கும். தணலை அதிகமாப் போட்டா அந்த ஈரம் ஆவியாகிப் போர்வைக்குள்ள ஏறும். சுட்டது ஆவி. மேல ஒரு முழம் மண் போட்டிருந்தாலும் போர்வை நனைஞ்சு, பின்னிரவுல விறைச்சிருப்பான்.

வடக்குச்சரிவு:
முதல்ல தணல் அதிகம்னீங்க, இப்போ ஈரம். நாளைக்குக் காத்து திசை மாறிச்சும்பீங்க. திறந்த மண்ணுல ஆவி நூறு டிகிரியைத் தாண்டாது. கிழவன் ஈரம்னு சொல்லல, ஆவின்னு சொல்லல. மண்ணு போதலன்னான்.

தோட்டாப்பை:
படுக்கையை விடுங்கப்பா. ஆரம்பத்துல கதைசொல்லி என்ன சொல்றார்? ஜான்சன் கேட்டது .50 ஹாக்கன் துப்பாக்கி, கிடைச்சது .30 (குழல் விட்டம், அங்குலத்துல). முப்பதுக்குப் போடற ஈய உருண்டை சுமார் 37 கிரெயின் எடை. ஐம்பதோட உருண்டை 177 கிட்ட வரும். கிட்டத்தட்ட அஞ்சு மடங்கு. முப்பதை வச்சு அணில் சுடலாம், முயல் சுடலாம். எல்க்ங்கற பெரிய மான் மேல சுட்டா கோபம்தான் வரும். செயிண்ட் லூயியில ஜேக்கப், சாமுவேல் ஹாக்கன் சகோதரர்கள் மலைக்குப் போறவனுக்குச் செஞ்சு கொடுத்தது பெரும்பாலும் ஐம்பது, அதுக்கும் மேல.

வடக்குச்சரிவு:
அதனாலதானே ஹாட்செட் ஜாக்ங்கற வேட்டைக்காரன் செத்து உறைஞ்சு கிடக்கிற காட்சியே! பெரிய துப்பாக்கி, கூடவே உயில் சீட்டு. தன்னைக் கொன்ன கரடியைக் கொன்ன துப்பாக்கின்னு எழுதி வச்சிருக்கான். கதாசிரியர் தெரிஞ்சேதான் முப்பதைக் கொடுத்திருக்கார். இது புரியாம கிரெயின் கணக்கு எதுக்கு?

தோட்டாப்பை:
புரியாம இல்ல சார். உங்க இழைன்னு வேற விஷயமே பேசக்கூடாதா? போன மாசம் கேப் துப்பாக்கி (தட்டினா வெடிக்கிற சின்ன மூடியால மருந்தைப் பத்தவைக்கிற பழைய துப்பாக்கி) இழையிலயும் இப்படித்தான். கேப் மாட்டற நிப்பிள் துளையில எண்ணெய் தங்கினா முதல் கேப் வெடிச்சும் மருந்துல தீப்பிடிக்காது, அதனால மருந்து போடறதுக்கு முன்னாடி வெறும் கேப் ரெண்டு அடிச்சுத் துளையைக் காயவைக்கணும்னு சொன்னேன். "அது தேவையில்லை"ன்னு ஒரே வரி. இன்னைக்கு வரைக்கும் காரணம் வரல.

பழையரீல்:
எல்லாரும் காலத்தை மறந்துட்டீங்க. ஜான்சன் கால்ல கிடக்கிறது ராணுவக் கால்சட்டை. அவன் வந்தது அமெரிக்கா-மெக்சிகோ போர்லேருந்து, அது 1846-48. பட்டுத் தொப்பி வந்து, தொப்பிக்கு வாங்கின பீவர்ங்கற நீர்வாழ் விலங்கோட தோல் விலை விழுந்து, அதைப் பொறி வச்சுப் பிடிக்கிறவங்களோட கடைசிப் பெரிய கூட்டம் நடந்தது 1840ல. தொழில் படுத்த பிறகு பொறி வைக்க மலையேறியிருக்கான். இதுல மண்ணு போதலையாம்.

வடக்குச்சரிவு:
தொழில் படுத்ததே தவிர அடியோட நிக்கல. அதுவும் இந்த இழைக்குச் சம்பந்தமில்லை.

பழையரீல்:
சம்பந்தமில்லாததை எழுத உங்களுக்கு மட்டும் அனுமதியா? இந்தப் படத்து ஜான்சனுக்கு மூலமா ஈரல் தின்னி ஜான்சன்னு ஒரு நிஜ ஆள் இருந்தான். 1900ல செத்தான். 1974ல லாஸ் ஏஞ்சலஸ்லேருந்து எடுத்து வயோமிங் மாநிலத்துல கோடிங்கற (Cody) ஊர்ல மறுபடி புதைச்சப்போ பெட்டி தூக்கினவர்கள்ல ரெட்ஃபோர்டும் ஒருத்தர்னு ரெண்டு பக்கத்துக்கு எழுதினது யாரு? மலைச்சாவடி இழையில, நீங்கதான்.

சாம்பல்பூனை:
மண் உறைஞ்சிருந்தா பள்ளமே தோண்ட முடியாதே? அதை யாரும் சொல்லலையே.

வடக்குச்சரிவு:
மேலேயே நெருப்பைப் போட்டு இளகவச்சுத்தான் தோண்டணும். இளகின மண் சேறு. அதை மேல மூடாதே. காய்ஞ்ச மண்ணைத் தனியா எடுத்து வச்சுக்கணும்.

ஈரக்கல்:
ஆகா! "சேறு", "காய்ஞ்ச மண்ணைத் தனியா". ஈரம்தான் பிரச்சினைன்னு நீங்களே எழுதிட்டீங்க. ஸ்க்ரீன்ஷாட் எடுத்தாச்சு.

வடக்குச்சரிவு:
எழுதவே இல்லை. காய்ஞ்ச மண்ணோ ஈர மண்ணோ, போதணும். அவன் போட்டது நாலு விரற்கடை கூட இருக்காது. படுத்துக் கொஞ்ச நேரத்துலயே சுட்டிருக்குன்னா மண் எவ்வளவு மெலிசா இருந்திருக்கணும்? நீங்க சொன்ன அதே நத்தைக் கணக்கைப் போட்டுப் பாருங்க.

ஈரக்கல்:
நத்தைக் கணக்கு காய்ஞ்ச மண்ணுக்கு. ஈர மண்ணுல சூடு இன்னும் வேகமா ஏறும். அது கிடக்கட்டும், நான் கேட்டது உங்க ஆறு அங்குலத்தைப் பத்தி. எட்டு மணி நேரம் அவன் எதைப் போர்த்திக்கிட்டுப் படுப்பான்? இதுவரைக்கும் பதில் இல்லை.

சாம்பல்பூனை:
கங்கையைப் போர்த்திக்கிட்டு.

வடக்குச்சரிவு:
கேலி பண்றவங்களோட பேச நேரமில்லை. தோட்டாப்பை, ஹாக்கன்ல ரெண்டு விசை இருக்கிறதைச் சொல்ல விட்டுட்டீங்க. பின் விசையை முதல்ல இழுத்துத் தயார் பண்ணினா, முன் விசை தொட்டாலே விழும். நூறு கஜத்துக்கு அப்பால குறி தப்பாததுக்கு அது ஒரு காரணம்.

ஈரக்கல்:
எட்டு மணி நேரம், சார்.

தோட்டாப்பை:
வெறும் கேப் அடிக்கிறது ஏன் தேவையில்லை? அதைச் சொல்லிட்டு விசைக்கு வாங்க.