பக்கி வாங்கப் போன கதை

சாட்ஸ்வொர்த், டர்பன்

புது வண்டிக்கு விலை பேசியவர்கள் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். என் கதையில் முதல் பாதி அசடு வழிந்தது, பரவாயில்லையா?

தென்னாப்பிரிக்காவுக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. பின்னால் திறந்த தொட்டி வைத்த பிக்கப் வண்டியை இங்கே எல்லோரும் 'பக்கி' என்றுதான் சொல்வார்கள். வெள்ளைக்காரர், ஜூலு, நம்மவர் எல்லோருக்கும் அதே பெயர்தான். எங்கள் ஊர்ப் பக்கம் கோவில்பட்டியில் 'பக்கி' என்று யாரையாவது கூப்பிட்டால் அடி விழும். வந்த புதிதில் "என் பக்கியை எடுத்துக்கிட்டுப் போ" என்று ஒருவர் சாவியை நீட்டியபோது நான் முழித்த முழி இன்னும் நினைவிருக்கிறது.

எனக்குச் சிறிய மளிகைக் கடை, கூடவே இட்லி மாவு வியாபாரம். வாரத்தில் 4 நாள் விடியுமுன் கிளேர்வுட் மொத்தக் காய்கறிச் சந்தைக்குப் போக வேண்டும். இருந்தது ஒரு பழைய நிசான் 1400. அந்த மாடலையே 2008இல் நிறுத்திவிட்டார்கள், என்னுடையது அதற்கும் முந்தியது. மழை பெய்தால் என் காலடியில் தண்ணீர் நிற்கும். போன வருடம் மே மாதம் கிளட்சும் போனது. சரி, புதிதாகவே ஒன்று எடுத்துவிடலாம் என்று கிளம்பினேன்.

சந்தையில் ஒரு பெட்டி தக்காளிக்கு 5 ரேண்ட் குறைக்க அரை மணி நேரம் நிற்கிற ஆள் நான். ஏசி போட்ட ஷோரூமுக்குள் போய் உட்கார்ந்ததும் வாய் பூட்டிக்கொண்டது. விற்பனையாளர் நம் வம்சாவளிப் பையன்தான். காபி கொண்டுவந்து வைத்துவிட்டு முதல் கேள்வியாகக் கேட்டான், "அங்கிள், மாதம் எவ்வளவு கட்டினால் வசதியாக இருக்கும்?"

நான் நல்ல பிள்ளையாக "7,500" என்றேன். அன்றைய பேரம் அங்கேயே முடிந்துவிட்டது. எனக்குத்தான் அது தெரியவில்லை.

அவன் கணினியில் ஏதோ தட்டி 7,637 என்று காட்டினான். "நீங்கள் சொன்னதுதான் அங்கிள், நூறு ரேண்ட் முன்னே பின்னே." எனக்கு ஒரே சந்தோஷம். மறுநாள் வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்று தாளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நல்லவேளை, அன்றைக்கு ஐடி புத்தகத்தை எடுத்துப் போகவில்லை.

பக்கத்து வீட்டில் ஒரு தாத்தா. இங்கேயே பிறந்தவர். மூன்று தலைமுறையாகக் காய்கறி வியாபாரம் செய்த குடும்பம். அவர் பேசுகிற தமிழ் கொஞ்சம் உடைந்தது, ஆனால் கணக்கு உடையாது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைத் தலைகீழாகத் திருப்பினார். "கீழேருந்து படி. மேலே எல்லாம் படம்" என்றார்.

கீழேயிருந்து படித்தோம். வண்டியின் பட்டியல் விலை வாட் வரி சேர்த்து 4,18,500. அதற்கடியில் சின்ன எழுத்தில் ஒரு வால். பதிவு, உரிமம், நம்பர் பிளேட்டுக்கு 2,950. டெலிவரியும் அட்மினும் 8,950. கண்ணாடி உடைத்துத் திருடாமல் இருக்க ஒட்டுகிற ஃபிலிம் 3,200. பெயிண்டைக் காப்பாற்ற ஏதோ பூச்சு 6,900. டிராக்கர் பொருத்த 3,500. தொட்டிக்கு ரப்பர் பூச 5,400. ஆக 30,900 ரேண்ட். இதில் பதிவுச் செலவைத் தவிர வேறு எதையும் நான் கேட்கவே இல்லை.

அதற்கும் கீழே 72 மாதம், 12.5 சதவீத வட்டி, 30 சதவீத பலூன். பலூன் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் புரிந்தது. மாதத் தவணை சிறிதாகத் தெரியவேண்டும் என்று கடனில் ஒரு பெரிய துண்டைத் தூக்கிக் கடைசியில் வைத்துவிடுகிறார்கள். 6 வருடம் கட்டி முடித்த பிறகு 1,34,820 ரேண்டை ஒரே மூச்சில் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் அதற்கு இன்னொரு கடன். அதுவரை அந்தத் துண்டுக்கும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். கூட்டிப் பார்த்தால் 4,18,500 ரேண்ட் வண்டிக்கு நான் கொடுக்கப்போவது 6,84,684. வங்கியின் மாதச் சேவைக் கட்டணம் தனி.

தாத்தா தாளைக் கீழே வைத்தார். "பக்கி உனக்கு, பாக்கி உன் மகனுக்கு" என்றார். சிரிப்பு வரவில்லை.

அடுத்த 2 வாரம் நான் எந்த ஷோரூமுக்கும் போகவில்லை. பைன்டவுன், டர்பன் தெற்கு, பீட்டர்மாரிட்ஸ்பர்க் என்று அதே வண்டி விற்கிற 3 இடங்களுக்கு ஒரே மின்னஞ்சல் அனுப்பினேன். வண்டியின் பெயர், நிறம், கூடுதல் பொருள் எதுவும் வேண்டாம், சாவி என் கைக்கு வரும்போது மொத்தம் எவ்வளவு என்று மட்டும் எழுதுங்கள். ஒரு இடத்திலிருந்து பதிலே இல்லை. இன்னொருவர் "நேரில் வாருங்கள், பேசிக்கொள்ளலாம்" என்றார். மூன்றாமவர் 4,09,000 என்று எழுதியே கொடுத்துவிட்டார். அந்த ஒரு தாளை வைத்துக்கொண்டுதான் மிச்சம் எல்லாம் நடந்தது.

ஜூன் 27, மாதக் கடைசி. இலக்கு முடிக்க விற்பனையாளர்கள் பரபரப்பாக இருக்கும் நாட்கள் அவை. "நேரில் வாருங்கள்" என்ற இடத்துக்கு தாத்தாவையும் கூட்டிக்கொண்டு போனேன். கிளம்பும்போது ஒரே நிபந்தனை போட்டார். மாதத் தவணை என்ற பேச்சே என் வாயில் வரக்கூடாது.

அந்த விற்பனையாளர் 50 வயதுக்காரர், நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியாதவர். தவணையைப் பற்றிக் கேட்டார். தாத்தா தமிழிலேயே, "எல்லாம் சேத்து எவ்ளோ?" என்றார். அவர் டிராக்கரைப் பற்றி ஆரம்பித்தார். "எல்லாம் சேத்து எவ்ளோ?" பூச்சைப் பற்றிச் சொன்னார். அதே கேள்வி. அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் சின்ன வயதில் அவர் பாட்டி 'எவ்ளோ' என்று சொல்லிக் கேட்டிருக்கிறாராம். நாலாவது தடவை அவரே சிரித்துவிட்டு, "சரி தாத்தா, எவ்ளோ பார்க்கலாம்" என்று மேனேஜர் அறைக்குப் போனார்.

அந்த அறைக்குக் கண்ணாடிச் சுவர். உள்ளே பெரிய வாக்குவாதம் நடக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். மேனேஜர் சமூசா சாப்பிட்டுக்கொண்டிருந்தார், இவர் சுவரில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். 5 நிமிடம் கழித்து முகத்தைச் சோர்வாக வைத்துக்கொண்டு வந்து, "ரொம்பக் கஷ்டப்பட்டு 4,12,000க்குச் சம்மதிக்க வைத்தேன்" என்றார். நான் 4,09,000 தாளை எடுத்து மேஜையில் வைத்தேன். பேசவில்லை. சும்மா இருப்பது எவ்வளவு கடினம் என்று அன்றைக்குத் தெரிந்தது. என் கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது. தாத்தா பையிலிருந்து ஒரு பெப்பர்மின்ட் எடுத்து நிதானமாகத் தாளைப் பிரித்தார்.

மூன்றாவது தடவை போய் வந்தபோது வண்டி 3,98,000, பதிவு 2,950, டெலிவரி 2,500 என்று எழுதிக் கொண்டுவந்தார். மொத்தம் 4,03,450. தொட்டிக்கு ரப்பர் பூச்சு இலவசம். அதை மட்டும் நான் கேட்டு வாங்கினேன், மாவு வாளி வழுக்கக்கூடாது பாருங்கள்.

80,000 முன்பணம் கட்டினேன். மிச்சத்துக்கு 60 மாதம், 11.75 சதவீதம், பலூன் இல்லை. தவணை 7,154. முதல் ஷோரூமில் சொன்னதைவிடக் குறைவு, ஒரு வருடம் முன்னாலேயே முடிந்தும் விடும். முன்பணத்தோடு மொத்தம் 5,09,240. முதல் தாளுக்கும் இதற்கும் உள்ள 1,75,000 சொச்சம் முழுவதும் பேரத்தில் வந்தது என்று பீற்றிக்கொள்ள மாட்டேன், பெரும்பகுதி வட்டியில் மிஞ்சியது. ஆனால் அந்த வட்டி கண்ணில் பட்டதே தாளைக் கீழேயிருந்து படித்ததால்தான்.

டோங்காட்

கோயில் வகுப்பில் படித்த தமிழ், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஏமாந்தது பழைய வண்டியைக் கொடுத்துப் புதியது எடுத்தபோது. முதல் தடவை, பத்து வருடத்துக்கு முன்னால், புது பக்கிக்கு 15,000 ரேண்ட் தள்ளுபடி வாங்கிவிட்டு வீட்டில் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். பழையதை 70,000க்கு எடுத்துக்கொண்டார்கள். ஒரு மாதம் கழித்து அதே மாதிரி வண்டி, அதே வருடம், கிட்டத்தட்ட அதே கிலோமீட்டர், பக்கத்துக் கடையில் யாரோ 92,000க்குக் கொடுத்ததாக மச்சான் சொன்னார். இந்தப் பையில் போட்டதை அந்தப் பையிலிருந்து எடுத்துவிட்டார்கள், மேற்கொண்டு 7,000 ரேண்டையும் சேர்த்து.

இப்போது பழைய வண்டி வாங்குகிற 2 கடைகளில் முதலில் விலை கேட்டு எழுதி வாங்கிக்கொள்கிறேன். புது வண்டிக்கு விலை முடிவாகும்வரை என்னிடம் பழைய வண்டி இருப்பதாகவே காட்டிக்கொள்வதில்லை. போன தடவை அண்ணன் காரில் போய் இறங்கினேன். விலை முடிந்த பிறகு "ஒரு பழைய பக்கியும் இருக்கிறது" என்றதும் விற்பனையாளர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

லெனேசியா, ஜோகன்னஸ்பர்க்

என் கதை சின்னது, வலி பெரியது. மின்சார வேலை ஒப்பந்தத் தொழில், வாட் பதிவு உண்டு. பின்னால் இன்னொரு வரிசை இருக்கை உள்ள டபுள் கேப் பக்கி எடுத்தேன், சனி ஞாயிறு குடும்பத்தோடும் போகலாமே என்று. 25,000 தள்ளுபடி. பெருமையாகக் கணக்காளரிடம் ரசீதைக் கொடுத்தேன். "சிங்கிள் கேப் எடுத்திருந்தால் விலைக்குள் இருக்கிற 15 சதவீத வாட்டைத் திரும்பக் கேட்டிருக்கலாம். டபுள் கேபை வரிச் சட்டம் பயணிகள் கார் கணக்கில் வைக்கிறது, கிடையாது" என்றார். என் தள்ளுபடியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அங்கே போனது. சாட்ஸ்வொர்த் அண்ணா எடுத்தது சிங்கிள் கேப் என்று நினைக்கிறேன். வாட் பதிவு இருந்தால் 3,98,000இல் சுமார் 52,000 ரேண்ட் உங்களுக்குத் திரும்பும், உடனே கேளுங்கள்.

இன்னொரு முட்டாள்தனமும் செய்தேன். டிசம்பர் 29ஆம் தேதி பதிவு. 3 நாளில் என் புது வண்டி 'போன வருட வண்டி' ஆகிவிட்டது. விற்கப் போகும்போது அது ஒரு வயது கூடுதல். டிசம்பரில் எடுக்கிறதென்றால் அந்த ஒரு வயதுக்கும் சேர்த்துத் தள்ளுபடி கேட்டிருக்க வேண்டும், நான் கேட்கவில்லை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பேரம் பேசுகிற நேரமும் முக்கியம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பன் பிராஸ்பெக்டனில் உள்ள டொயோட்டா தொழிற்சாலை மூழ்கி மாதக்கணக்கில் வேலை நின்றது ஞாபகம் இருக்கும். ஹைலக்ஸ் பக்கி அங்கேதான் தயாராகிறது. அந்தச் சமயம் பார்த்து நான் ஹைலக்ஸ் கேட்டுப் போனேன். தள்ளுபடி என்று வாயைத் திறந்தால் காத்திருப்போர் பட்டியலைத் திருப்பிக் காட்டினார்கள். வேறு வழியில்லாமல் பழைய வண்டியையே ரிப்பேர் செய்து ஒன்றரை வருடம் ஓட்டினேன். பிறகு போனபோது அவர்களே கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பேசினார்கள்.

இதையும் சொல்லிவிடுகிறேன். 2021 ஜூலை முதல் அரசின் வணிகப் போட்டி ஆணையத்தின் வழிகாட்டுதல் ஒன்று நடப்பில் இருக்கிறது. சர்வீஸ் பிளானை, அதாவது பின்னால் செய்யும் சர்வீஸுக்கு முன்கூட்டியே கட்டுகிற பணத்தை, வண்டி விலையோடு கட்டிப்போடாமல் தனி விலையாகக் காட்ட வேண்டும், வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். நான் கேட்டபோது முதலில் "அதெல்லாம் பிரிக்க முடியாது" என்றார்கள். வழிகாட்டுதலைப் போனில் எடுத்துக் காட்டியதும் பிரிக்க முடிந்தது.

ஃபீனிக்ஸ்

சாட்ஸ்வொர்த் அண்ணா, 12.5 வட்டி எப்படி 11.75 ஆனது? அதுவும் பேரம்தானா? அப்புறம் அந்த ஃபிலிம் வேண்டாம் என்று சொல்லி ஒத்துக்கொண்டார்களா? என்னிடம் "ஏற்கெனவே ஒட்டியாகிவிட்டது" என்கிறார்கள்.

சாட்ஸ்வொர்த், டர்பன்

தம்பி, வட்டிக்கு நான் செய்தது ஒன்றுதான். தாத்தாவோடு ஷோரூமுக்குப் போவதற்கு முன்னால் என் சொந்த வங்கியிலேயே கடன் கேட்டு 11.75 என்று எழுதி வாங்கிவிட்டேன். ஷோரூம்காரர்களும் நமக்காக வங்கிகளில் விண்ணப்பம் போடுவார்கள், அதில் அவர்களுக்கும் கமிஷன் உண்டு. அவர்கள் கொண்டுவந்தது 12.5. என் தாளைக் காட்டினேன். அரை மணி நேரத்தில் இன்னொரு வங்கி 11.75க்கு இறங்கி வந்தது. நான் என் வங்கியிலேயே எடுத்துக்கொண்டேன். காப்பீட்டுக்கும் இதே கதைதான். வங்கி முழுக் காப்பீடு கேட்கும், ஆனால் யாரிடம் எடுப்பது என்பது நம் விருப்பம்.

லெனேசியா அண்ணாவுக்கு ஒரு கும்பிடு. சிங்கிள் கேப்தான், வாட் பதிவும் இருக்கிறது. கணக்காளர் அடுத்த கணக்கிலேயே சேர்த்துவிட்டார்.

ஃபிலிம் விஷயம்தான் வேடிக்கை. வண்டி எடுக்கப் போன அன்று கண்ணாடியைப் பார்த்தால் கறுப்பாக இருக்கிறது. "எல்லா வண்டிக்கும் வந்ததுமே ஒட்டிவிடுவோம், 3,200" என்றார்கள். கையெழுத்துப் போட்ட தாளில் ஃபிலிம் என்ற பேச்சே இல்லை. எடுத்துக் காட்டினேன். "எங்களால் அதை இலவசமாகத் தர முடியாது அங்கிள்" என்றார் மேனேஜர். "சரி, உரித்துவிடுங்கள், காத்திருக்கிறேன்" என்றேன். தாத்தா மறுபடி காபி கேட்டார். உரிக்க ஒரு ஆளைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து கண்ணாடியைத் தடவிப் பார்த்துவிட்டு, இதை உரிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், பசைக் கறையும் நிற்கும் என்று மேனேஜரிடம் ஜூலுவில் சொல்லிவிட்டு நின்றார்.

ஃபிலிம் இன்னும் கண்ணாடியில்தான் இருக்கிறது. காசு கொடுக்கவில்லை.