செய்யாத குற்றத்துக்குச் சாட்சி சொல்லலாமா?

தண்டையார்பேட்டை தையற்காரி:
வியாசர்பாடியில், மருந்தே தொடக்கூடாது என்று கற்பிக்கும் ஒரு பெந்தெகொஸ்தே சபையில் பிறந்து வளர்ந்தவள் நான். நகை இல்லை, சினிமா இல்லை, காய்ச்சலுக்கு ஒரு மாத்திரைகூட இல்லை. கணவரும் அதே சபை. மணலியில் கன்டெய்னர் யார்டில் வேலை. ஒருநாள் செருப்பைத் துளைத்துப் பாதத்தில் ஆணி ஏறியிருப்பது தெரியாமலே வீடு வரை நடந்து வந்தார். மூப்பர்கள் எண்ணெய் பூசி ஜெபித்தார்கள். மூன்றாவது வாரம் அறையில் ஒரு வாடை. எலி ஏதும் செத்துக் கிடக்கிறதோ என்று கட்டிலுக்கு அடியில் இருந்த சாமான்களையெல்லாம் இழுத்துப் போட்டுத் தேடினேன். வாடை அவர் காலிலிருந்து வந்தது.

இரவு இரண்டு மணிக்கு ஆட்டோ பிடித்து ஸ்டான்லிக்குக் கொண்டுபோனேன். சர்க்கரை ஏறிக் கிடந்தது, கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது. இரண்டு நாள்தான் இருந்தார். வயது 38.

ஆஸ்பத்திரியை நம்பிப் போனதால் தேவன் கைவிட்டார் என்றது சபை. காசிமேட்டில் அடக்கம் செய்தபோது என் சொந்தத் தம்பிகூட வரவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. எம்.சி. ரோடு கடைகளுக்குப் புடவை ஃபால்ஸ் தைத்துக் கொடுக்கிறேன். போன மாதம் மகளுக்குக் காது குத்தினேன். இரண்டு நாள் காதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பாட்டிக்குத் தெரிந்தால் அடிப்பாரா அம்மா?" என்று கேட்டாள்.

இப்போது அம்மா படுத்துவிட்டாராம். தம்பி பேசினான். வந்து பார்க்கலாம், ஆனால் ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று, என் அவிசுவாசத்தால் கணவரை இழந்தேன் என்று சாட்சி சொன்ன பிறகுதான் வீட்டுப் படி ஏறலாமாம். சொல்லலாமா?

ஒற்றியூரான்:
சொல்லிவிடுங்கள் அம்மா. 1994-இல் மதம் மாறித் திருமணம் செய்ததற்காக வைதிகமான வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டவன் நான். அப்பா சாகக் கிடந்தபோது பிராயச்சித்தம் செய்துவிட்டு உள்ளே வா என்றார்கள். தன்மானம் பெரிதென்று நின்றேன். அப்பாவின் பாடை எங்கள் தெரு முனையைக் கடந்து போனதை, மூடியிருந்த பால் பூத்துக்கு அருகில் நின்று பார்த்தேன். எனக்கு இப்போது 61 வயது. அந்தத் தன்மானத்தால் எனக்கு எந்தப் பயனும் இல்லை. நான்கு வார்த்தை சொல்வதால் உண்மை மாறிவிடாது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ள வேறு நாள் வாய்க்காது.

பெரம்பூர் மகள்:
ஐயா, உங்கள் துயரம் எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் அந்த இடத்தில் நிற்கும் பெரியவரைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள். பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருக்கும் குழந்தை நான். என் தம்பி வலிப்பில் இறந்தபோது என் அம்மா இப்படித்தான் எழுந்து நின்று, தன் பாவத்தால் பிள்ளை போனான் என்று சொன்னார். எனக்கு 10 வயது. சபையைச் சமாதானப்படுத்தத்தான் சொல்கிறார் என்று எனக்கு யார் சொன்னார்கள்? அம்மாதான் தம்பியைக் கொன்றார் என்று பல ஆண்டுகள் நம்பினேன். அவர் பிசைந்த சோற்றை வாங்காமல் கையைத் தள்ளியிருக்கிறேன். தையற்கார அக்கா, உங்கள் மகளும் அந்தக் கூட்டத்தில்தான் இருப்பாள்.

விசுவாசி:
நானும் அப்படிப்பட்ட ஒரு சபையில்தான் இருக்கிறேன், சகோதரி. எங்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று நினைக்க வேண்டாம். எங்கள் தெருவில் சாராயத்தால் அழிந்த வீடுகள் எத்தனை! என் தகப்பனாரைக் குடியிலிருந்து மீட்டது சபைதான். பட்டினி கிடந்தபோது அரிசி தந்ததும் சபைதான். சாட்சி என்பது தண்டனை அல்ல, தேவனுக்கு முன் தாழ்மை. தாழ்த்திக்கொள்ளுங்கள், வீடு திறக்கும்.

பெரம்பூர் மகள்:
அரிசி தந்தது உண்மை, நானும் சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் யோவான் 9-ஆம் அதிகாரத்தை நீங்களும் படித்திருப்பீர்கள். இந்தக் குருடன் பிறந்தது யார் செய்த பாவம், இவனா, பெற்றவர்களா என்று சீஷர்கள் கேட்டபோது, இருவருமே இல்லை என்றார் இயேசு. அவரே சுமத்தாத பழியை இந்த அக்காமீது சுமத்த மூப்பர்கள் யார்? லூக்காவைப் பிரியமான வைத்தியன் என்று பவுல் எழுதியதை ஏன் ஒருநாளும் பிரசங்கிப்பதில்லை?

வார்டு செவிலி:
அக்கா, மதத்தைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. காலைப் பற்றிப் பேசுகிறேன். சர்க்கரை பல ஆண்டுகள் கட்டுக்குள் இல்லாவிட்டால் பாதத்து நரம்புகள் மரத்துப்போகும். ஆணி ஏறியது அவருக்குத் தெரியாமல் போனது அதனால்தான். நீங்கள் ஆட்டோ பிடிப்பதற்கு வெகுநாள் முன்பே அந்த நோய் தொடங்கிவிட்டது. 1922 ஜனவரியில் டொரான்டோவில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்குத்தான் முதன்முதலில் இன்சுலின் போட்டார்கள். சாகக் கிடந்த அவன் அதன்பின் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். மருந்து உங்கள் கணவரிடம் தாமதமாக வந்தது. தாமதப்படுத்தியது நீங்கள் அல்ல. அந்தச் சாட்சி பொய்ச்சாட்சி.

இன்னொன்று கேட்க வேண்டும். அம்மா ஏன் படுத்தார் என்று தம்பி சொன்னாரா?

மின்ட் வக்கீல்:
கணவர் பெயரில் வீடோ சேமிப்போ இருந்தால் அதையும் இதையும் முடிச்சுப் போட விடாதீர்கள். உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்தில், 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைக்கு. சபை மாறினாலும் அது மாறாது.

ஒற்றியூரான்:
பெரம்பூர் மகளே, நீ எழுதியதை மூன்று முறை படித்தேன். அந்தக் குழந்தையை நான் நினைக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள் அம்மா. சாட்சி சொல்லாமல் போய், வாசலில் நில்லுங்கள். துரத்தினால் துரத்தட்டும்.

தண்டையார்பேட்டை தையற்காரி:
செவிலி கேட்ட பிறகு தம்பியைக் கூப்பிட்டேன். காரணம் சொல்லாமல் வைத்துவிட்டான். ஒரு மணி நேரம் கழித்து அம்மாவே பேசினார். குளியலறையிலிருந்து பேசுகிறார் போல, குழாய் ஓடும் சத்தம். நான்கு ஆண்டுகளில் முதல் தடவை. நலமா என்று கேட்கவில்லை. "உன் வீட்டுக்காரருக்குக் கால் முதலில் எந்த நிறத்தில் இருந்தது?" என்றார்.

நாளை வெள்ளிக்கிழமை. தம்பி காலை ஷிப்ட்டுக்குப் போய்விடுவான். ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டேன்.