புதுப்பிப்பு: 2 அங்குலம் உயர்த்திய டொயோட்டா லேண்ட் குரூசர் 80 ஜீப், அலைபாய்ச்சல் தீர்ந்தது

போன மாதம் கேட்டிருந்தேன்: உயரமான ஸ்பிரிங் போட்டதிலிருந்து, 100 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ரோட்டில் அலைபாய்கிறதே, ஏன் என்று. காரணம் காஸ்டர் கோணம்தான், அதாவது முன்சக்கரம் திரும்பும் அச்சு பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும் அளவு. அது குறைந்தால் வண்டி நேராக ஓடாமல் அலையும். 80 சீரிஸின் முன் ஆக்சிலைச் சேஸியோடு ரேடியஸ் ஆர்ம் என்ற இரும்புக் கைகள் பிடித்திருப்பதால், வண்டி உயர உயர ஆக்சில் முன்பக்கமாகச் சுழன்று அந்தச் சாய்வு குறைந்துவிடுகிறது. அளந்தால் 1 டிகிரிதான் இருந்தது. ஆர்ம் ஆக்சிலில் மாட்டும் இடத்தில், துளை ஒரு பக்கமாக ஒதுங்கிய காஸ்டர் புஷ் (ஆக்சிலைப் பின்பக்கமாகச் சுழற்றி வைக்கும் வளையம்) போட்டேன், இப்போது 3. வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நடுவுக்குத் திரும்புகிறது, எவ்வளவு நிம்மதி!

அப்புறம், உயர்த்தியவர்கள் முன் பிரேக் ஹோஸை (சக்கரத்துக்குப் பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாய்) அவசியம் பாருங்கள். சக்கரம் முழுக்கத் தொங்கியபோது என்னுடையது கம்பி மாதிரி விறைத்து நின்றது. நீளமானதாக மாற்றிய பிறகே அபுதாபியின் லிவா பாலைவன மணலில் இறங்கினேன். டயர் மணலில் புதையாமல் அகலமாகப் பதிய, காற்றழுத்தத்தை 15 பிஎஸ்ஐக்குக் குறைத்திருந்தேன், எங்கும் சிக்கவில்லை.