காணிக்கை எண்ணும் மேசையில் கண்டவை: அனுபவப் பகிர்வு

பாளையங்கோட்டையிலிருந்து ஓர் உறுப்பினர்:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். வங்கிப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின், எங்கள் சேகரத்தின் (ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள சபைப் பகுதியின்) பொருளாளர் கேட்டுக்கொண்டதால், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் காணிக்கை எண்ணும் குழுவில் சேர்ந்தேன். இங்கே எவரும் பையைத் தனியாகத் திறப்பதில்லை. ஒரே வீட்டார் இருவர் சேர்ந்து எண்ணுவதும் இல்லை. தாள்களையும் நாணயங்களையும் வகைவாரியாக எழுதி, இருந்தவர்கள் அனைவரும் ஒப்பமிட்ட பிறகே பெட்டி பூட்டப்படுகிறது. ஒருநாள் பெரியவர் ஒருவர், "கர்த்தருடைய பணத்துக்கு இத்தனை காவலா தம்பி?" என்று சற்றுக் கசப்புடன் கேட்டார். குருவானவர் இரண்டாம் கொரிந்தியர் எட்டாம் அதிகாரத்தைத் திறந்து, எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்ந்த பணத்தைப் பவுல் தாமே தனியாகச் சுமந்து செல்லாமல், தம் உடன் ஊழியரான தீத்துவோடு சபைகள் தெரிந்தெடுத்த ஒருவரையும் உடன் சேர்த்துக்கொண்டதையும், மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாய் நடக்க வேண்டுமென்று அதற்குக் காரணம் சொன்னதையும் வாசித்துக் காட்டினார். பெரியவர் மறுவாரம் முதல் எங்களோடு அமர்ந்து சில்லறை எண்ணுகிறார். கொடுப்பதைப் பற்றி நாம் கேட்ட பிரசங்கங்கள் ஏராளம். கொடுத்தது என்ன ஆகிறது என்பதைப் பற்றி உங்கள் சபைகளில் கண்டதை எழுதுங்கள்.

நாசரேத் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி:

எங்கள் பாட்டி உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார்கள். மாதர் சங்கத்தார் அதைச் சேர்த்து விற்று, வந்த பணத்தை ஊழியத்துக்கு அனுப்புவார்கள். கையில் ரொக்கம் புழங்காத பெண்களும் கணவரிடம் கேட்டு நிற்காமல் கொடுக்க முடிந்தது என்பதுதான் இந்த வழக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்தது. நம் மாவட்டத்து வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா ஐயாவும் அவருடன் இருந்தவர்களும் 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது, இந்தியரின் பணத்தாலும் இந்தியரின் நிர்வாகத்தாலுமே அது நடக்க வேண்டும் என்று உறுதி கொண்டிருந்தார்கள். பின்னர் 1912-இல் அவர் பேராயரான, தெலுங்குப் பகுதியிலுள்ள தோர்ணக்கல்லிலும், பெரும்பாலும் கூலி வேலை செய்த விசுவாசிகளின் வீடுகளில் கைப்பிடி அரிசி ஒதுக்கும் பழக்கம் இருந்தது. ஏழைச் சபை என்று சொல்லி அவர்களைக் கொடுக்கும் கடமையிலிருந்து அவர் விலக்கிவிடவில்லை. அது கடுமை என்று சிலர் நினைக்கலாம். நான் அதை மரியாதை என்றே எண்ணுகிறேன். எங்கள் சபையில் இப்போது அரிசிக்குப் பதில் பணம் போட்டுத் தரக் காணிக்கை உறை கொடுக்கிறார்கள். வசதிதான்.

மதுரையிலிருந்து ஓர் உறுப்பினர்:

நான் மின்பணியாளன். "ஆலய வேலைதானே, தாலந்தைக் கர்த்தருக்குக் கொடுங்கள்" என்று சொல்லிச் சபைகள் என்னைப்போன்றோரை இலவசமாக அழைப்பது சாதாரணம். மத்தேயு 25-இல் வரும் தாலந்து உவமையில் எஜமான் தன் சொந்த ஆஸ்தியை ஊழியக்காரரிடம் ஒப்படைக்கிறானேயொழிய, அயலானின் உழைப்பை வாங்கிக்கொள்வதில்லை. ஆகவே பிரதிஷ்டைப் பண்டிகைக்கு முன் ஒயரிங் முழுவதையும் மாற்றச் சொன்னபோது, கமிட்டியிடம் ஒரு நிபந்தனை வைத்தேன்: பொருளுக்கும் கூலிக்கும் முறையாகப் பில் தருவேன், கூலியைச் செலவாக எழுதி எனக்குக் கொடுத்துவிட வேண்டும், அதை நான் விருப்பப்படி காணிக்கையாகச் செலுத்தி ரசீது வாங்கிக்கொள்வேன். முதலில் சுற்றி வளைப்பதாகச் சிரித்தார்கள். ஆனால் அந்த ஆண்டுக் கணக்கில் ஆலயப் பராமரிப்புக்கு உண்மையில் எவ்வளவு ஆகிறது என்பது முதன்முறையாகத் தெரிந்தது. அடுத்து வந்த பெயிண்டருக்கு, வீட்டில் மூன்று பிள்ளைகள், எவரும் பேரம் பேசாமல் கூலி கொடுத்தார்கள்.

தூத்துக்குடியிலிருந்து ஓர் உறுப்பினர்:

மதுரை ஐயா சொன்னது சரி. அறுப்பின் பண்டிகையில் சபையார் காணிக்கையாகக் கொண்டுவரும் பொருட்களை ஏலம் விடுவதையும் இதனோடு சேர்த்துப் பேச வேண்டும். நான் முன்பு இருந்த ஒரு சபையில், ஒரு பூசணிக்காயை இரு குடும்பத்தார் போட்டிபோட்டு ஏற்றிக்கொண்டே போவார்கள். சபையார் கை தட்டுவார்கள். பணம் மட்டும் வராது. கணக்கில் 'ஏல பாக்கி' என்ற தலைப்பு ஆண்டுதோறும் நீண்டது. அந்தப் பெயர்களைப் பீடத்திலிருந்து வாசித்தால் வசூலாகிவிடும் என்று சிலர் வாதிட்டார்கள். அப்படி வசூலான பணத்தைக் காணிக்கை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பாளையங்கோட்டை உறுப்பினர்:

எங்களிடமும் ஏல பாக்கி இருந்தது. பெயர்களை வாசிக்காமல் மொத்தத் தொகையை மட்டும் அறிவிப்புப் பலகையில் எழுதினோம். பொருளாளரும் இன்னொருவருமாக மாலை வேளையில் வீடுகளுக்குச் சென்றார்கள். சிலர் அன்றே கொடுத்தார்கள். தொழில் நொடித்துப்போயிருந்த ஒருவரின் பாக்கியைக் கமிட்டி தீர்மானம் எழுதித் தள்ளுபடி செய்தது. இவ்வாண்டு முதல் ஏலம் எடுத்தவர் பணத்தைச் செலுத்திய பிறகே பொருளைக் கொண்டுபோகலாம் என்று முடிவாகியிருக்கிறது. விலைகள் கணிசமாகக் குறையும் என்று பொருளாளர் இப்போதே சொல்லிவிட்டார்.