பாட்டியின் மூக்குக்கண்ணாடி தெளிவு, கண் மட்டும் மசமச

வீட்டில் உள்ளவர்களை போர்ட்ரெய்ட் எடுத்துப் பழகிக்கொண்டிருக்கிறேன். மற்றவர்கள் நன்றாகவே வருகிறார்கள், பாட்டியை எடுத்தால் மட்டும் மூக்குக்கண்ணாடி ஃபிரேமில் இருக்கும் குட்டி ஸ்க்ரூ வரைக்கும் பளிச்சென்று தெரிகிறது, அதற்குப் பின்னால் இருக்கும் கண் மசமசவென்று இருக்கிறது.

கேமரா ஏபிஎஸ்-சி (நடுத்தர அளவு சென்சார்) மிரர்லெஸ், லென்ஸ் 50 எம்எம் எஃப்/1.8 (எஃப் எண் லென்ஸ் திறப்பின் அளவு; எண் குறைந்தால் திறப்பு பெரிது). ஜன்னலோர வெளிச்சம், ஒரு மீட்டர் தூரம், ஷட்டர் 1/200, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 800. கேமராவோடு வந்த கிட் லென்ஸில் எடுத்தவரை இது இல்லை, இதை மாட்டியதிலிருந்துதான்.

கை நடுக்கமோ என்று டிரைபாடில் வைத்துப் பார்த்தாயிற்று, அதே கதை. லென்ஸில் கோளாறோ என்று செய்தித்தாளைச் சாய்த்து வைத்து எடுத்தேன், குறிவைத்த வரி கச்சிதமாக விழுகிறது. கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் ஐ ஆட்டோஃபோகஸில் கட்டம் என்னவோ கண்மேல்தான் நிற்கிறது, படத்தில் ஃபிரேம்தான் ஜெயிக்கிறது. நானே ஒரு புள்ளியைக் குறிவைக்கும் சிங்கிள் பாயின்ட்டும் ஃபிரேம் ஓரத்தைக் கவ்விக்கொள்கிறது. மேனுவலில் பீக்கிங் (தெளிவான ஓரங்களை நிறமிட்டுக் காட்டும் வசதி) போட்டால், நான் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பி முடிப்பதற்குள் பாட்டி தலையை அசைத்துவிடுகிறார்.

எஃப்/1.8-இல் இந்தத் தூரத்துக்கு ஏறக்குறைய 3 செ.மீ. ஆழம்தான் தெளிவாக விழும், அது புரிகிறது. சரி என்று எஃப்/4 வைத்தால் கண் தெளிகிறது, ஆனால் ஐஎஸ்ஓ 4000-க்குப் போய் கன்னமெல்லாம் புள்ளி புள்ளியாகிறது, பின்னால் கொடியில் கிடக்கும் துணியும் அப்படியே தெரிகிறது. கண்ணாடியைக் கழற்றச் சொன்னால் கழற்ற மாட்டார் (கழற்றினால் பாட்டி மாதிரியே இருக்காது, அது வேறு விஷயம்).

எஃப்/2 பக்கமே இருந்துகொண்டு, கண்ணாடி போட்டவரின் கண்ணில் ஃபோகஸ் விழ நீங்கள் எந்த செட்டிங்கில் எடுக்கிறீர்கள்?