புதுப்பிப்பு: அஸ்டவுண்டிங், அனலாக் இரண்டும் ஒரே தொடர்தான்

போன வாரம் கேட்டிருந்தேன்: 1930 ஜனவரியில் தொடங்கிய அமெரிக்க அறிவியல் புனைகதை இதழ் அஸ்டவுண்டிங் பிற்பாடு அனலாக் ஆனதே, தரவுத்தளத்தில் அது ஒரு தொடரா, இரண்டா? ஒன்றாகவே வைத்துவிட்டேன். மேலே ஒரு தாய்த்தொடர், அதன்கீழ் பெயருக்கொரு கிளை.

முடிவெடுக்க வைத்தவை 1960 அட்டைகள்தான். பிப்ரவரியிலிருந்து இரண்டு பெயருமே இருக்கின்றன. இதழுக்கு இதழ் பழையது மங்கி, புதியது தடித்துக்கொண்டே வந்து, அக்டோபரில்தான் மாற்றம் முடிகிறது. இதை எந்த மாதத்தில் கத்தரிப்பது?

1933இல் இதழை வெளியிட்ட கிளேட்டன் நிறுவனம் நொடித்துப்போய், மார்ச் இதழோடு அது நின்றுபோக, அக்டோபரில் ஸ்ட்ரீட் அண்ட் ஸ்மித் என்ற இன்னொரு பதிப்பகம் மறுபடி கொண்டுவந்தது. அதற்குத் தனிக் கிளை வேண்டாம், ஒரு குறிப்பு போதும். 1939இல் தொடங்கிய பிரிட்டிஷ் பதிப்பு மட்டும் தனி. அதில் உள்ளடக்கத்தையே குறைத்துவிட்டார்கள்.

ஒரு கூத்து: அகரவரிசையில் விட்டதும் அனலாக் போய் 1930இல் தொடங்கிய அஸ்டவுண்டிங்குக்கு மேலே உட்கார்ந்துகொண்டது! கிளைகளுக்கு வரிசை எண் கொடுத்த பிறகே அடங்கியது.

பாக்கி ஒன்று: இதழாசிரியர் பதிவை ஆண்டுக்கு ஒன்றாக வைத்திருக்கிறேன். 1937 கடைசியில் டிரெமெய்னிடமிருந்து கேம்பல் பொறுப்பேற்றார். அந்த ஆண்டை இரண்டாக உடைக்கட்டுமா?