பக்கத்துக் கடையா, கொள்கையுள்ள கடையா: எதற்கு முதலிடம்?

ஆணிவேர்:
நியாயமான கூலி, சுற்றுச்சூழல் என்று பார்த்துப் பார்த்து எங்கோ இருக்கும் நிறுவனத்திடம் இணையத்தில் வாங்குவதா, நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் கடையில் வாங்குவதா? என் பதில் பக்கத்துக் கடைதான். காரணம் பணம் எங்கே போகிறது என்பது. சிகாகோவின் ஆண்டர்சன்வில் பகுதியில் 2004-இல் வெளிவந்த ஆய்வு பலருக்குத் தெரிந்திருக்கும். உள்ளூர் நிறுவனத்தில் செலவழித்த 100 டாலரில் 68 டாலர் உள்ளூர்ப் பொருளாதாரத்திலேயே தங்கியது. சங்கிலித்தொடர் கடைகளில் செலவழித்ததில் 43 டாலர்தான் தங்கியது. கடை மூடினால் அந்தத் தெருவுக்கு என்ன ஆகும் என்பதை பொருளில் ஒட்டும் எந்தச் சான்றிதழ் முத்திரையும் கணக்கில் எடுப்பதில்லை.

தராசுமுள்:
அந்த ஆய்வு பார்த்தது 10 உள்ளூர் நிறுவனங்களை. அந்த எண்ணை அப்படியே எல்லாக் கடைக்கும் பொருத்த முடியாது. வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்: உள்ளூரில் கொடுக்கும் சம்பளம், முதலாளியின் லாபம், கணக்கெழுதவும் அச்சடிக்கவும் உள்ளூர் ஆட்களை வைப்பது. அதனால் பழுது பார்ப்பவர், தையல்காரர், மரவேலை செய்பவர் என்றால் உங்கள் வாதம் முழுக்கச் சரி, அங்கே காசு பெரும்பாலும் உழைப்புக்கே போகிறது. வாங்கி விற்கும் கடையில் அப்படி இல்லை. நீங்கள் கொடுக்கும் தொகையில் பெரும்பங்கு சரக்கின் கொள்முதலுக்குப் போய்விடும். அந்தச் சரக்கு எங்கே, யார் கையால் உண்டானது என்று கடைக்காரருக்கே தெரியாது.

2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ஆடைத் தொழிற்சாலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே தைத்த சட்டைகள் உலகின் எத்தனையோ ஊர்களில் யாரோ ஒருவருடைய பக்கத்துக் கடையில் தொங்கியவைதான்.

ஆணிவேர்:
மறுக்கவில்லை. ஆனால் இதைத் தடுக்கும் என்று பலர் நம்பும் சான்றிதழ்களும் அதே இடத்தில் தோற்றிருக்கின்றன. கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் ஆடை ஆலைக்கு 2012 ஆகஸ்டில், தொழிலாளர் நிலைக்கான எஸ்ஏ 8000 சான்றிதழ் கிடைத்தது. செப்டம்பர் 11-ஆம் தேதி தீப்பிடித்தபோது ஜன்னல்களில் கம்பி, கதவுகளில் பூட்டு. 250-க்கும் மேற்பட்டவர்கள் வெளியே வர முடியாமல் செத்தார்கள். முத்திரையை நம்பி வாங்கியவர் என்ன செய்திருக்க முடியும்? பக்கத்துக் கடையில் ஊழியர் உட்கார இருக்கை உண்டா, எத்தனை மணி வரை நிற்கிறார், வாராந்தர விடுமுறை உண்டா என்பதெல்லாம் என் கண்ணுக்கே தெரியும்.

பாவுநூல்:
இருவரும் ‘சான்றிதழ்’ என்று ஒரே சொல்லில் பேசுவதுதான் சிக்கல். ஒவ்வொன்றும் ஒவ்வொன்றைச் சொல்கிறது. ஒரு பருத்திச் சட்டையைக் கையில் எடுங்கள்.

கழுத்துப் பட்டையில் இருக்கும் நாட்டின் பெயர் பெரும்பாலும் தையல் நடந்த இடம் மட்டுமே. பருத்தி விளைந்தது, நூல் நூற்றது, துணி நெய்தது, சாயம் ஏற்றியது எல்லாம் வேறு வேறு நாடாக இருக்கலாம்.

‘ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100’ என்று இருந்தால், முடிந்த துணியில் கேடான ரசாயனம் வரம்புக்குள் இருக்கிறது என்று பொருள். உடுத்துபவருக்கான பாதுகாப்பு அது. தைத்தவரின் கூலி பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. இதைப் பார்த்து ‘நியாயமான சட்டை’ என்று வாங்குவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

இயற்கை வேளாண் இழைத் துணிக்கான ‘ஜிஓடிஎஸ்’ முத்திரை இருந்தால் குறைந்தது 70 சதவீதம் இயற்கை வேளாண் இழை. முத்திரையில் ‘ஆர்கானிக்’ என்றே போட்டிருந்தால் 95 சதவீதம். சாயப்பட்டறைக் கழிவுநீர், தொழிலாளர் நிலை இரண்டுக்கும் அதில் விதிகள் உண்டு. முத்திரையோடு சான்றளித்த நிறுவனத்தின் பெயரும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை ஜிஓடிஎஸ் பொதுத் தரவுத்தளத்தில் போட்டுப் பாருங்கள். எண்ணே இல்லாத முத்திரையை முத்திரையாகவே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

காகிதத்துக்கும் மரத்துக்கும் எஃப்எஸ்சி, காட்டைப் பொறுப்போடு பராமரிப்பதற்கான முத்திரை. ‘சி’ எழுத்தும் அதன் பின்னால் 6 இலக்கமும் இருக்கும், அதையும் அவர்கள் தளத்தில் தேடலாம். ‘மிக்ஸ்’ என்றிருந்தால் முழுக்கச் சான்று பெற்ற காட்டு மரம் அல்ல, கலப்பு.

பி கார்ப் என்ற சமூக, சுற்றுச்சூழல் பொறுப்புச் சான்று வேறு வகை. அது நிறுவனத்துக்குக் கொடுப்பது, கையில் இருக்கும் பொருளுக்கு அல்ல. வெகுகாலம் 200-க்கு 80 மதிப்பெண் எடுத்தால் போதும் என்றிருந்தது. சுற்றுச்சூழலில் அள்ளிக்கொண்டு ஊழியர் விஷயத்தில் சறுக்கியவரும் தேறிவிட முடிந்தது. 2025-இல் அறிவித்த புதிய விதிகள் மொத்த மதிப்பெண்ணை விட்டுவிட்டு ஒவ்வொரு துறைக்கும் கட்டாயத் தேவைகளை வைக்கின்றன.

கராச்சி விஷயத்தில் ஆணிவேர் சொன்னது சரி. ஆலையே காசு கொடுத்து வரவழைக்கும் தணிக்கைக்கு அந்த எல்லை எப்போதும் உண்டு. ராணா பிளாசாவுக்குப் பிறகு 2013 மே மாதம் வந்த ஆலைப் பாதுகாப்பு ஒப்பந்தம் அதனால்தான் வேறுபட்டது: ஆடை நிறுவனங்களோடு தொழிற்சங்கங்களும் கையெழுத்திட்டன, அது சட்டப்படி கட்டுப்படுத்தியது, ஆய்வறிக்கைகள் ஆலைவாரியாக வெளியாயின. ஒரு நிறுவனம் தன் ஆலைப் பட்டியலை வெளியிட்டிருக்கிறதா என்று ஆலைப் பட்டியல்களைத் திரட்டி வைத்திருக்கும் ‘ஓப்பன் சப்ளை ஹப்’ தளத்தில் தேடுங்கள். பட்டியலே தராமல் ‘நெறிசார்ந்த தயாரிப்பு’ என்று மட்டும் விளம்பரம் செய்பவரை நான் நம்பமாட்டேன்.

ஆணிவேர்:
சரி, துணியில் உங்கள் பேச்சை ஏற்கிறேன். தொலைவிலிருந்து வரவழைப்பதில் ஆகும் எரிபொருள்?

தராசுமுள்:
கணக்குப் போடுவோம். கப்பலில் ஒரு டன்னை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக சுமாராக 10 முதல் 20 கிராம் கரியமில வாயு. ஒரு கிலோ பொருள் 10,000 கிலோமீட்டர் வந்தால் 100 முதல் 200 கிராம். அதே பொருள் விமானத்தில் வந்தால் 5 கிலோவுக்குக் குறையாது. 5 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கடைக்கு அந்த ஒரு பொருளுக்காகத் தனியாகக் கார் எடுத்துப் போய்வந்தால், கிலோமீட்டருக்கு 150 கிராம் என்று வைத்தாலும் 1.5 கிலோ. ஆகவே தூரத்தைவிட வாகனம்தான் முக்கியம். நடந்தோ, வேறு வேலையோடு சேர்த்தோ போனால் பக்கத்துக் கடை ஜெயிக்கும். இணையத்தில் ‘நாளைக்கே வேண்டும்’ என்று அழுத்துவதையும், மூன்று அளவு வரவழைத்து இரண்டைத் திருப்பி அனுப்புவதையும் விட்டால் தபாலில் வருவது அவ்வளவு மோசமில்லை.

பாவுநூல்:
இரண்டையும் சேர்க்க ஒரு வழி இருக்கிறது. நல்ல பொருளைப் பக்கத்துக் கடைக்கே வரவழையுங்கள். ‘நியாயமான பொருளாக ஏதாவது வையுங்கள்’ என்று கேட்டால் கடைக்காரரால் ஒன்றும் செய்ய முடியாது. நிறுவனத்தின் பெயர், பொருள், முத்திரை, எந்த விநியோகஸ்தரிடம் கிடைக்கும் என்று எழுதிக் கொடுங்கள். மொத்த விற்பனையில் ஒன்றிரண்டு தரமாட்டார்கள், பெட்டிக் கணக்குத்தான், 12 அல்லது 24. தனியாளாகக் கேட்டால் மீதி அலமாரியில் தேங்கும், அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கமே திரும்பமாட்டார். 5, 6 வீட்டார் சேர்ந்து, பாதிப் பெட்டிக்காவது முன்பணம் கொடுத்து, இன்ன தேதிக்குள் எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லுங்கள். மூன்று முறை தவறாமல் எடுத்தால் நான்காவது முறை அவரே ஆர்டர் போடுவார். சீக்கிரம் கெட்டுப்போகும் பொருளில் இதைத் தொடங்க வேண்டாம். சோப்பு, நோட்டுப் புத்தகம் போல இருந்து விற்கக்கூடியவை நல்லது.

தராசுமுள்:
இது எனக்கும் உடன்பாடுதான். ஆனால் ஊழியரை மோசமாக நடத்தும் உள்ளூர்க் கடை என்றால்? அங்கே எந்த முத்திரைச் சரக்கை வைத்தாலும் நான் வாங்கமாட்டேன். உள்ளூர் என்பதற்காக அதைப் பொறுத்துக்கொள்ள முடியாது.

ஆணிவேர்:
பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. விலகுவதற்கு முன் காரணத்தை முதலாளியிடம் நேரே சொல்லுங்கள், அதுவும் எந்த ஊழியர் சொல்லித் தெரிந்தது என்று காட்டிக்கொடுக்காமல். சும்மா நின்றுவிட்டால் அவருக்குத் தெரிவது விற்பனை குறைந்தது மட்டும்தான். அப்போது அவர் முதலில் குறைப்பது ஆட்களை.